மழைக்கு முன் படிக்க வேண்டிய சுவர்

சிகாகோ நகரின் வடபகுதியில் ரிக்லி ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானம் இருக்கிறது. அதன் புறச்சுவர் வேவ்லேண்ட், ஷெஃபீல்டு என்ற இரண்டு தெருக்களை ஒட்டி ஓடுகிறது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் அந்தச் செங்கல் சுவர் கைக்கெட்டிய உயரம் வரை சாக்பீஸ் எழுத்துகளால் நிறைந்தது. சொந்த ஊர் அணியான கப்ஸ், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற காலம் அது. வென்ற அணியின் சுவரில் வீரர்களின் பெயர்களும் வாழ்த்துகளும் இருப்பது இயல்பு, அவையும் இருந்தன. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்தவர்களை நிற்கவைத்தவை வேறு பெயர்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன் என்று இறந்துபோனவர்களின் பெயர்களை மக்கள் எழுதினார்கள். இந்த வெற்றியைப் பார்க்காமலே போய்விட்டாயே என்ற ஒரே செய்தி ஆயிரம் கையெழுத்துகளில் இருந்தது. இடம் தீர்ந்ததும் எழுத்து நடைபாதைக்கும் இறங்கியது. அந்தச் சுவரை வெற்றிக் களிப்பின் கிறுக்கல் என்று பார்ப்பது தவறு. ஒரு நகரம் தன் கைப்பட எழுதிய இறந்தோர் பதிவேடு அது, அப்படித்தான் அது காக்கப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காப்பது என்றால் சாக்பீஸ் தூளைக் காப்பது என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தப் பேச்சு வழி தவறிப்போகிறது.

இறந்தவர்களின் பெயர்கள் ஏன் வந்தன என்பதற்கு விடை அணியின் கணக்கிலேயே இருக்கிறது. கப்ஸ் அதற்கு முன் உலகத் தொடரை வென்றது 1908இல். இறுதிப் போட்டிவரை கடைசியாக வந்தது 1945இல். 1908இல் பத்து வயதுப் பிள்ளையாக அந்த வெற்றியைப் பார்த்த ஒருவர் 2016இல் இருந்திருந்தால் அவருக்கு 118 வயது. அதாவது, ஊரில் உயிரோடு இருந்த யாருக்கும் வெற்றியின் நினைவு இல்லை. காத்திருந்த நினைவு மட்டும் இருந்தது. 1945 தொடரில் தன் ஆட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்ட ஒரு மதுக்கடைக்காரர் சாபமிட்டார் என்ற கதையை நகரம் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தது. ஆட்டின் சாபத்தை நம்பியவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் தொடர்ந்து தோற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. 2003இல் இறுதிப் போட்டிக்கு ஐந்தே அவுட் தூரத்தில் நின்று கைநழுவவிட்டபோது அந்தக் கதைக்கு மறுபடி உயிர் வந்தது. இப்படி மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே ஆசையைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தன. சொத்து கைமாறும்போது பத்திரம் எழுதுகிறோம். ஆசை கைமாறியதற்குப் பத்திரம் 2016 வரை எங்கும் எழுதப்படவில்லை.

அந்த ஆசை எப்படிக் கைமாறியது என்பதற்கும் இடத்தின் வரலாற்றில் விடை உண்டு. 1914இல் கட்டப்பட்ட இந்த மைதானத்துக்கு கப்ஸ் 1916இல் குடிவந்தது. சூயிங்கம் வணிகர் வில்லியம் ரிக்லியின் பெயர் 1926இல் வந்தது. மற்ற நகரங்கள் எல்லாம் மின்விளக்கு போட்டு இரவு ஆட்டத்துக்கு மாறியபோதும் ரிக்லி மாறவில்லை. கப்ஸ் அங்கே தன் முதல் இரவு ஆட்டத்தை ஆடியது 1988 ஆகஸ்டில். அதுவரை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அதன் எல்லா ஆட்டமும் பகலில்தான். பகல் ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இரவுப் பணி பார்ப்பவர்கள். தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு டபிள்யூஜிஎன் நிலையத்தின் வானொலியும் தொலைக்காட்சியும் ஆட்டத்தைக் கொண்டுவந்தன. சுவரில் எழுதப்பட்ட உறவுமுறைச் சொற்களை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும்.

சாவை மைதானத்துக்குக் கொண்டுவரும் வழக்கமும் 2016இல் திடீரென்று முளைத்ததல்ல. சிகாகோவின் பாடகர் ஸ்டீவ் குட்மன், சாகக் கிடக்கும் ஒரு கப்ஸ் ரசிகனின் கடைசி விருப்பத்தைப் பாட்டாக எழுதினார்; அந்த விருப்பம் தன் ஈமச்சடங்கு ரிக்லி மைதானத்தில் நடக்க வேண்டும் என்பது. எழுதும்போதே அவருக்கு ரத்தப் புற்றுநோய். 1984 செப்டம்பர் 20ஆம் தேதி அவர் இறந்தார். நான்கு நாள் கழித்து, 24ஆம் தேதி, கப்ஸ் தன் பிரிவில் முதலிடத்தை உறுதிசெய்தது. நான்கே நாள். இன்று ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அந்த மைதானம் முழுக்கப் பாடும் பாட்டும் அவர் எழுதியதுதான். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி பின்னாளில் அங்கேயே தூவப்பட்டது. வீரராகவும் வானொலி வர்ணனையாளராகவும் அணியோடு வாழ்நாளைக் கழித்த ரான் சாண்டோ 2010 டிசம்பரில் இறந்தபோது அவர் சாம்பலும் அந்தப் புல்லுக்கே வந்தது. 2009இல் சிகாகோவின் போஹீமியன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் கப்ஸ் ரசிகர்களின் அஸ்திக் கலசங்களை வைப்பதற்கென்றே ஒரு செங்கல் சுவர் எழுப்பப்பட்டது. ரிக்லியின் எல்லைச் சுவரில் 1937இல் படரவிடப்பட்ட ஐவிக் கொடியை நினைவூட்டும்படி இங்கும் கொடி படரவைத்தார்கள். செங்கல் சுவர், இறந்தவர், கப்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மனம் அந்த நகரத்தில் சாக்பீஸுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே இருந்தது. 2016 அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது; கட்டணமில்லாமல், யார் அனுமதியும் கேட்காமல், கையில் ஒரு துண்டு சாக்பீஸ் இருந்தால் போதும் என்ற அளவுக்கு எளிதாக்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு புதுமை உண்டு. விளையாட்டு மைதானங்களில் ரசிகர்கள் அஞ்சலி எழுதுவது புதிதல்ல. 2009 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசிய 22 வயது நிக் ஏடன்ஹார்ட், ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வண்டி மோதி இறந்தார். அனஹைம் நகரில் அந்த அணியின் மைதான வாசலில் பூக்களும் தொப்பிகளும் கடிதங்களும் குவிந்தன. அந்த நினைவிடத்தை அணி உடனே அப்புறப்படுத்தாமல் விட்டுவைத்தது. அது வீரருக்கு ரசிகர் செய்த அஞ்சலி. ரிக்லி சுவரில் நடந்தது அதுவல்ல. அங்கே ரசிகர் ரசிகருக்கு அஞ்சலி எழுதினார். வீரர்களுக்கு அந்த மைதானத்தில் ஏற்கெனவே இடம் உண்டு: எர்னி பேங்க்ஸின் 14ஆம் எண்ணும் சாண்டோவின் 10ஆம் எண்ணும் கொடிகளாகக் கம்பத்தில் பறக்கின்றன, வெளியே சிலைகள் நிற்கின்றன. நூறாண்டுகள் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் பதிவானார்கள். இன்றைய ஆட்டத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி. அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஆட்களைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காசு கொடுக்காமல், இவ்வளவு பெரிய அளவில் பெயர் சொல்லி வெளியே எடுத்த முதல் சந்தர்ப்பம் இந்தச் சுவர். மைதானத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஆவணம் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த வெற்றியின் மற்ற தடயங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். நவம்பர் 2ஆம் தேதி இரவு கிளீவ்லேண்டில் தொடங்கிய ஏழாவது ஆட்டம், இடையில் 17 நிமிடம் மழைக்காக நின்று, நள்ளிரவைத் தாண்டி, பத்தாவது இன்னிங்ஸில் 8க்கு 7 என்று முடிந்தது. கடைசி அவுட்டைப் பிடித்த ஆண்டனி ரிஸ்ஸோ அந்தப் பந்தைப் பின்பைக்குள் செருகிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து சிகாகோவின் கிராண்ட் பார்க் பூங்காவில் நடந்த வெற்றி விழா மேடையில் அணி உரிமையாளர் டாம் ரிக்கெட்ஸிடம் கொடுத்தார். பந்து பத்திரமாக இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். கட்டடத்துக்கும் பாதுகாப்பு உண்டு: சிகாகோ மாநகரம் 2004இல் ரிக்லியைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது, 2020இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமும் ஆனது. ஐவி படர்ந்த சுவர், கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டு, வாசலில் இருக்கும் சிவப்புப் பெயர்ப்பலகை எல்லாம் சட்டத்தின் கண்ணில் பாரம்பரியம். ஆனால் மக்கள் பெயர் எழுதிய புறச்சுவர் எத்தனை பழையது தெரியுமா? ப்ளீச்சர்ஸ் எனப்படும் திறந்தவெளி இருக்கைப் பகுதியின் பழைய வெளிச்சுவரை 2014 கடைசியில் இடித்து, தெருப்பக்கம் தள்ளி, 2015இல் புதிதாகக் கட்டினார்கள். சாக்பீஸ் பட்டபோது அந்தச் செங்கல்லுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சுவர் புதிது, பெயர்கள்தான் பழையவை. 1920களில் பிறந்து, 1945 தோல்வியைப் பார்த்து, 2003 தோல்வியையும் பார்த்துவிட்டுப் போன ஒருவரின் பெயர், நேற்று வேகவைத்த செங்கல் மேல் இருந்தது. பாரம்பரியப் பாதுகாப்பு என்ற சொல்லைப் பொருளோடு மட்டும் கட்டிப்போட்டால் இங்கே அது தலைகீழாகிவிடும்: புதியதைக் காத்துப் பழையதைக் கழுவிவிடும்.

முதல் மறுப்பு எல்லோர் நாவிலும் உடனே வருவது: எழுதியவர்களுக்கே தெரியும், சாக்பீஸ் மழையில் போகும் என்று. போவதுதான் அதன் அழகு, நிலைக்கவைப்பது எழுதியவர் மனத்துக்கு எதிரானது என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. செங்கல் மேல் வேதிப்பூச்சு அடித்து அந்த எழுத்தை உறையவைப்பதை நானும் ஏற்க மாட்டேன். அது தெருவின் எழுத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைப்பது. மறு ஆண்டு எழுத வருபவருக்குச் சுவரில் இடமும் இருக்காது. ஆனால் அழியும் எழுத்தில் எழுதியவர் மறக்கப்படுவதை விரும்பினார் என்று யார் சொன்னது? அவர் சாக்பீஸை எடுத்தது, பிறர் சுவரைச் சேதப்படுத்தாமல் எழுத அதுதான் வழி என்பதால். பெயிண்ட் டப்பாவோடு வந்திருந்தால் காவலர் தடுத்திருப்பார். எழுதுபொருளின் ஆயுள் எழுதியவரின் நோக்கம் ஆகாது. எழுதி முடித்ததும் பெரும்பாலோர் செய்தது தங்கள் வரியைக் கைபேசியில் படம் எடுத்ததுதான். அழியட்டும் என்று நினைப்பவர் படம் எடுக்க மாட்டார். தூளும் வாசகமும் வேறு வேறு. தூள் போகட்டும், வாசகம் இருக்கட்டும் என்பதே அவர்கள் நடத்தையிலிருந்து தெரியும் முடிவு.

அப்படியானால் அந்தப் படங்களே போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. அவரவர் வரியை அவரவர் எடுத்த படம் ஒரு குடும்பத்தின் நினைவு. சுவர் என்பது அந்த வரிகளின் அண்டை அயல். எந்தப் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் வந்தது, எந்த வரி முந்தியது, அதன் மேல் எது எழுதப்பட்டது, முன்பின் அறியாத ஒருவர் இன்னொருவரின் வரிக்கு மரியாதை கொடுத்து எங்கே சுற்றி எழுதினார் என்பதெல்லாம் தனித்தனிப் படங்களில் கிடைக்காது. முழுச் சுவரையும் செங்கல் வரிசை எண்ணோடு தொடர்ச்சியாகப் படம் எடுத்து, ஒவ்வொரு வாசகத்தையும் படியெடுத்தால்தான் கிடைக்கும். கிடைத்தால் அது என்ன சொல்லும்? குடியேறியவர்களால் வளர்ந்த அந்த நகரத்தில் எந்தெந்த நாட்டுக் குடும்பப் பெயர்கள் அங்கே இருந்தன, பேஸ்பாலைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அம்மாவும் பாட்டியும் எத்தனை பேர், 1945ஐப் பார்த்த தலைமுறை எந்த ஆண்டுகளில் மறைந்தது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும். ஆண்கள் விளையாட்டு, அப்பனும் மகனும் பந்து பிடிக்கும் விளையாட்டு என்று அமெரிக்கர்கள் பேஸ்பாலைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை உண்மையா என்று சோதிக்க இதைவிட நேரான சான்று ஏது?

எல்லா வரியும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதில் ஆயவென்ன இருக்கிறது என்று சலிப்பவர்களுக்குப் பாம்பேயைக் காட்டலாம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ரோமானிய நகரத்தின் சுவர்களில் சாதாரண மக்கள் கிறுக்கியவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன: இன்னார் இங்கே வந்தார், இன்னாரை இன்னார் விரும்பினார், இன்ன வீரன் வென்றான் என்ற திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள். அவற்றை அற்பம் என்று ஒதுக்காமல் ஒவ்வொன்றாகப் படியெடுத்து, லத்தீன் கல்வெட்டுத் தொகுப்பின் 4ஆம் தொகுதியாக 1871இல் பெர்லினில் வெளியிட்டார்கள். எழுத்து இருந்த சுண்ணப்பூச்சில் பெரும்பகுதி அதன் பிறகு வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துவிட்டது. இன்று அறிஞர்கள் படிப்பது அந்தப் புத்தகத்தை. சுவர் போய்விட்டது, வாசகம் இருக்கிறது. ரோமானியரின் அன்றாட வாழ்வைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் எத்தனையோ, யாரோ பொறுமையாகப் படியெடுத்த இந்தச் சலிப்பூட்டும் வரிகளிலிருந்து வந்தவை. ஒரே மாதிரி வாக்கியம் ஆயிரம் முறை வருவது குறையல்ல. அதுவே வழக்கம் ஒன்று இருந்ததற்கு அத்தாட்சி.

இப்படிச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு அமெரிக்காவிலேயே முன்மாதிரிகள் உண்டு. வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்டோர் பெயர் பொறித்த கருங்கல் சுவர் 1982இல் திறக்கப்பட்டது. அதன் அடியில் மக்கள் கடிதங்களையும் காலணிகளையும் பதக்கங்களையும் வைத்துவிட்டுப் போனார்கள். தொடக்கத்தில் அவற்றை யாரோ தவறவிட்ட பொருள்களாக எடுத்துவைத்த தேசியப் பூங்காத் துறை, பின்னர் அவை அஞ்சலி என்று உணர்ந்து அருங்காட்சியகச் சேகரமாகவே ஏற்றது. இன்று அது லட்சக்கணக்கான பொருள்களைக் கொண்டது. பூவையும் இலையையும் வைத்திருப்பதில்லை என்பது அவர்கள் விதி. அதாவது எதைக் காப்பது, எதை விடுவது என்று யோசித்து எல்லை வகுத்திருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு காப்லி சதுக்கத்தில் குவிந்த ஓட்டக் காலணிகள், பதாகைகள், எழுதிய அட்டைகள் அனைத்தையும் ஜூன் மாதம் எடுத்து மாநகர ஆவணக்காப்பகத்தில் சேர்த்தார்கள். மறு ஆண்டு பொது நூலகத்தில் காட்சிக்கும் வைத்தார்கள். பெரும் துயரங்களுக்கு இதைச் செய்தார்கள், ஒரு விளையாட்டு வெற்றிக்கும் அதே மரியாதையா என்று கேட்கலாம். வெற்றிக்கு அல்ல. சுவரில் இருந்த பெயர்களின் மரணம் மருத்துவமனைக் கட்டிலில் நிகழ்ந்தது, செய்தியாகவில்லை, அவ்வளவுதான். குண்டில் செத்தால்தான் ஆவணமா?

இரண்டு மறுப்புகள் எனக்கே கனமாகத் தோன்றுகின்றன. ஒன்று அந்தரங்கம். தெருவில் எழுதியது எல்லோரும் படிக்கத்தான் என்றாலும், தெருவில் படிப்பதும் தேடுபொறியில் பெயரைத் தட்டி எடுப்பதும் ஒன்றல்ல. துக்கத்தில் எழுதிய வரியை இருபது ஆண்டு கழித்து அந்நியர் ஒருவர் தோண்டி எடுப்பதை எழுதியவர் ஒப்பியிருக்க மாட்டார். ஆகவே முழுப் பெயர்களோடு கூடிய படியை ஆவணக்காப்பகத்தில் நேரில் வந்து பார்க்கும் வகையில் வைத்து, இணையத்துக்கு அனுப்பாமல் இருப்பது முறை. தன் குடும்ப வரியை நீக்கச் சொல்லவும், அதற்கு விளக்கம் சேர்க்கவும் உறவினருக்கு உரிமை வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை அமெரிக்க அரசு 72 ஆண்டுகள் மூடிவைத்தே வெளியிடுகிறது. அதுபோன்ற கால எல்லை இங்கும் பொருந்தும்.

மற்றொன்று வியாபாரம். உணர்வு எங்கே குவிகிறதோ அங்கே கடை முளைக்கும். ரிக்லியிலேயே 2006 வாக்கில் ரசிகர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்கள் சொன்ன பெயர்களைப் பொறித்த கற்களை மைதானத்துக்கு வெளியே தரையில் பதித்தார்கள். பல குடும்பத்தினர் அதிலும் இறந்தவர் பெயரையே பொறிக்கச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் மைதானப் புதுப்பிப்புப் பணிக்காக அந்தக் கற்களைப் பெயர்க்க வேண்டிவந்தது. கல்லில் பொறித்தது பத்தாண்டுகூட நின்ற இடத்தில் நிற்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, அஞ்சலி வாசகங்களை அணி நிறுவனத்தின் கையில் மட்டும் விடக்கூடாது என்பது. அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. 2016இல் எழுதவந்த மக்களை விரட்டாமல் விட்ட பெருந்தன்மைக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் மைதானத்தை நடத்துபவருக்கு அடுத்த பருவம்தான் முதல் கவலை, சுவர் அவருக்குச் சுவர்தான். ஆவணத்தைப் பேணுவது ஆவணக்காப்பாளரின் தொழில். 1856இல் தொடங்கிய வரலாற்றுச் சங்கத்தின் வழிவந்த சிகாகோ வரலாற்று அருங்காட்சியகம் அதே நகரத்தில் இருக்கிறது. அணி சுவரைத் தரட்டும், அருங்காட்சியகம் அதைப் படிக்கட்டும்.

எங்காவது ஒரு மைதானச் சுவரில் மக்கள் மறுபடி எழுதத் தொடங்குவார்கள். வென்றபோதோ ஒருவரை இழந்தபோதோ அது ஓர் இரவில் தொடங்கிவிடும், முன்னறிவிப்பு இருக்காது. அப்போது செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத காரியம்: ஒரு நல்ல கேமரா, ஓர் ஏணி, செங்கல் வரிசைகளைக் குறிக்க எண் அட்டைகள், படியெடுக்க நான்கைந்து மாணவர்கள், ஒரு வாரம். 2016 சுவரைப் பொறுத்தவரை தூள் போய்விட்டது; ஆனால் தங்கள் வரியைப் படம் எடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பலரிடம் அந்தப் படங்களும் பழைய கைபேசிகளில் இருக்கும். பக்கத்து வரி ஓரத்தில் தெரிந்தாலும் போதும், ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சுவரைப் பெருமளவு மீட்டுவிடலாம். படம் வைத்திருப்பவர்கள் கைபேசியை மாற்றும் முன் அதன் ஒரு பிரதியை, எழுதப்பட்ட பெயர் யாருடையது என்ற ஒரு வரிக் குறிப்போடு, நகரத்தின் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.